பிள்ளைகளும் குடிமைப் பொறுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோரும் ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். எளிதானவை முதலில், போகப் போகக் கொஞ்சம் சிக்கலானவை. நேரமில்லை என்றால் உங்கள் கேள்விக்கு நேரே போய்விடலாம். ஆனால் 5, 7 இரண்டையும் படித்துவிட்டுப் போனால் மற்றவை சீக்கிரம் விளங்கும்.

1. குடியுரிமை, குடிமைப் பொறுப்பு எல்லாம் பெரியவங்க சமாச்சாரம். சின்னப் பசங்களுக்கு அதுல என்ன புரியப்போகுது?

இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். குடியுரிமை என்பது ஒருவருக்கும் ஒரு நாட்டுக்கும் உள்ள சட்ட உறவு. கடவுச்சீட்டு, வாக்கு, சட்டப் பாதுகாப்பு எல்லாம் அதோடு வருபவை. இது சின்னப் பிள்ளைக்குப் பிடிபடாது, பிடிபட வேண்டிய அவசரமும் இல்லை. குடிமைப் பொறுப்பு வேறு. பலரோடு சேர்ந்து வாழும் இடத்தில் பொதுவானவற்றை எப்படிப் பயன்படுத்துகிறோம், பொதுவான முடிவுகளில் எப்படிப் பங்கெடுக்கிறோம் என்பது அது. இதற்கான அறிகுறிகள் மிகச் சீக்கிரமே தெரிய ஆரம்பிக்கும்.

"அவனுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணா?" என்று நாலு வயதுப் பிள்ளை சண்டைக்கு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நியாயம் கேட்கும் வழக்குதான். பிள்ளைகளிடம் நியாய உணர்வுக்குப் பஞ்சமே இல்லை. சட்டம், அரசு, வரி, தேர்தல் போன்ற அமைப்புகள் எப்படி இயங்குகின்றன என்ற படம்தான் அவர்கள் மனதில் இன்னும் வரையப்படவில்லை.

2. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா'ன்னு சொல்றாங்களே. எந்த வயசுல ஆரம்பிக்கணும்?

அந்தப் பழமொழி பாதி சரி. பழக்கங்களைப் பொறுத்தவரை சீக்கிரம் ஆரம்பிப்பது நல்லது. ஃபெலிக்ஸ் வார்னெகனும் மைக்கேல் டோமசெல்லோவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் 18 மாதக் குழந்தைகள், முன்பின் தெரியாத ஒருவர் கைதவறிப் போட்டதை எடுத்துக் கொடுத்தார்கள். கை நிறையப் பொருளோடு அலமாரி முன் திண்டாடியவருக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். யாரும் கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. 2008இல் வந்த இன்னோர் ஆய்வில், இப்போதுதான் கற்றுக்கொண்ட ஒரு விளையாட்டை ஒரு பொம்மை தப்பாக ஆடியதும், மூன்று வயதுப் பிள்ளைகள் "அப்படி இல்ல!" என்று மறித்தார்கள். தங்களுக்கு நஷ்டம் ஏதும் இல்லாதபோதும் விதி விதிதான் என்ற எண்ணம் அந்த வயதிலேயே இருக்கிறது.

பழமொழியின் மறுபாதி பொருந்தாது. சட்டம் எதற்கு, உரிமை என்றால் என்ன, அரசு செய்வது சரியா என்ற கருத்துகள் பெரும்பாலும் பதினொன்றிலிருந்து பதினாறு வயதுக்குள்தான் உருப்பெறுகின்றன (9ஆம் கேள்வி). பன்னிரண்டு வயது ஆகிவிட்டதே, தவறவிட்டோமே என்று யாரும் கவலைப்பட வேண்டாம்.

3. எங்க பையனுக்கு ஆறு வயசு. "நான் இந்த ஊர்க்காரன், அப்புறம் எப்படி அந்த நாட்டுக்காரன் ஆவேன்?"னு கேட்கிறான். ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. 1951இல் சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜேயும் ஆன்-மாரி வெய்லும் ஜெனீவாப் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தபோது அவர்களுக்கும் இதே குழப்பம்தான் இருந்தது. ஜெனீவா சுவிட்சர்லாந்தில் இருக்கிறது என்று வாயால் சொன்ன பிள்ளைகள், படம் வரையச் சொன்னதும் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனி வட்டமாக வரைந்தார்கள். ஒரே நேரத்தில் ஜெனீவாக்காரராகவும் சுவிஸ்காரராகவும் இருக்க முடியாது என்றார்கள். ஒன்றுக்குள் இன்னொன்று அடங்கும் என்ற எண்ணமே ஏழெட்டு வயதுக்குப் பிறகு மெதுவாகத்தான் உறுதிப்படுகிறது. பிறகு 1960களில் குஸ்டாவ் ஜஹோடா கிளாஸ்கோ நகரப் பிள்ளைகளை ஆராய்ந்தார். குழப்பம் அங்கேயும் இருந்தது, ஆனால் எல்லாப் பிள்ளையும் பியாஜே சொன்ன வரிசைப்படியே போகவில்லை.

ஆகவே திருத்தி மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். அறை, வீடு, தெரு, ஊர் என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாக வட்டம் வரையச் சொல்லுங்கள். "இந்த அறையில் இருக்கும்போது நீ வீட்டில் இருக்கிறாயா, இல்லையா?" என்று கேளுங்கள். அங்கிருந்து நாடு வரை அவனே வந்து சேருவான்.

4. "அரசாங்கம்னா யாரு?"ன்னு கேட்டா என்ன சொல்றதுன்னே தெரியல.

கேள்வியிலேயே விடை இருக்கிறது பாருங்கள். "என்ன" என்று கேட்காமல் "யாரு" என்று கேட்கிறார்கள். சின்ன வயதில் அரசு என்பது ஒரு ஆள். ஃபிரெட் கிரீன்ஸ்டைன் 1958இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரப் பள்ளிகளில் ஆராய்ந்தபோது, பிள்ளைகளுக்கு முதலில் தெரிந்திருந்தவை அதிபர், மேயர் என்ற இரண்டு பதவிகள். சட்டமன்றம் போன்றவை அப்புறம்தான் தெரியவந்தன. அந்த அதிபரையும் எல்லாருக்கும் உதவி செய்கிற நல்ல பெரியவராகவே அவர்கள் நினைத்தார்கள்.

ஆளில் தொடங்குவதில் தப்பில்லை, ஆளோடு நிறுத்திவிடக் கூடாது. "அவரை அந்த வேலைக்கு யார் வைத்தார்கள்? எத்தனை நாளைக்கு? சரியாகச் செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்ற மூன்று கேள்விகளும் எந்தப் பதவிக்கும் பொருந்தும். எட்டு வயதுப் பிள்ளையோடு இதை ஒரு நாள் பேசிப் பாருங்கள். பதவி வேறு, அதில் உட்கார்ந்திருப்பவர் வேறு என்பது புரிந்துவிட்டால் பாதிக் குடிமைப் பாடம் முடிந்த மாதிரி.

5. வீட்ல சுத்தமா இருக்கான். தெருவுல இறங்கினா கையில இருக்கிற காகிதத்தை அப்படியே போட்டுட்டு வர்றான். எத்தனை தடவை சொல்றது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். முதலில், தெரு யாருடையது என்று அவனிடம் கேளுங்கள். இத்தாலியில் அன்னா எமிலியா பெர்ட்டியும் அன்னா சில்வியா பொம்பியும் நடத்திய ஆய்வுகளில், சின்னப் பிள்ளைகள் பேருந்து அதன் ஓட்டுநருக்குச் சொந்தம் என்றார்கள். யார் அதை வைத்து வேலை செய்கிறாரோ அவருடையது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கின்படி, யாரும் உட்கார்ந்து வேலை செய்யாத தெரு யாருடையதும் இல்லை. 'எல்லாருக்கும் சொந்தம்' என்பது நமக்கு எளிதாகத் தோன்றினாலும் உண்மையில் கடினமான கருத்து. பெரியவர்களிலும் பலருக்கு அது இன்னும் வரவில்லை என்பது வேறு கதை.

இரண்டாவது, சொல்லும் விதம். 1975இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ரிச்சர்ட் மில்லரும் அவரோடு இருந்தவர்களும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். ஒரு வகுப்புக்குக் குப்பை போடக் கூடாது என்று பல நாள் எடுத்துச் சொன்னார்கள். இன்னொரு வகுப்பிடம் "நீங்கள் சுத்தமான பிள்ளைகள், உங்கள் வகுப்பைப் பார்த்தாலே தெரிகிறது" என்கிற மாதிரி சொல்லி வந்தார்கள். உபதேசம் கேட்ட வகுப்பில் மாற்றம் கொஞ்சம்தான், அதுவும் நிலைக்கவில்லை. சுத்தமானவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் குப்பையைத் தொட்டியில் போட்டார்கள், அந்தப் பேச்சு நின்ற பிறகும் போட்டார்கள். "எத்தனை தடவை சொல்றது" என்ற உங்கள் சலிப்புக்கு என் பதிலும் அதுதான்: சொல்வதைக் குறையுங்கள். அவன் ஒரு தடவை தொட்டியைத் தேடிப் போனதைப் பார்த்தால், பார்த்தேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

மூன்றாவது, தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். நடந்து போகும் வழியெல்லாம் ஒரு தொட்டிகூட இல்லாத இடத்தில் பிள்ளையின் குணத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. "இங்கே ஒரு தொட்டி வேண்டும் என்று யாரிடம் கேட்கலாம்?" என்று பிள்ளையோடு சேர்ந்து விசாரித்து ஒரு கடிதம் எழுதினால் அதுவும் குடிமைப் பாடம்தான். என்னைக் கேட்டால் குப்பை போடாததைவிடப் பெரிய பாடம்.

6. நல்லது செஞ்சா நட்சத்திரம், பரிசுன்னு கொடுக்கலாமா?

முடிந்தவரை வேண்டாம். 2ஆம் கேள்வியில் சொன்ன அதே வார்னெகனும் டோமசெல்லோவும் 2008இல் 20 மாதக் குழந்தைகளைக் கொண்டு இதையும் பார்த்தார்கள். உதவி செய்ததற்குப் பொம்மைச் சாமான் பரிசாகப் பெற்ற குழந்தைகள், பரிசு நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாக உதவினார்கள். தானாக வந்துகொண்டிருந்ததைக் கூலி வேலையாக மாற்றிவிடுகிறோம். ஒரு நன்றி போதும்.

7. பெரியவங்க பேச்சைக் கேட்டு, விதியை மீறாம இருக்கிற பிள்ளைதானே நல்ல குடிமகன்?

பாதிதான். 1932இல் பியாஜே கோலிக்குண்டு ஆடும் பிள்ளைகளிடம் "இந்த விதிகள் எங்கிருந்து வந்தன, இவற்றை மாற்றலாமா?" என்று கேட்டு எழுதினார். சின்னவர்கள், விதிகள் பெரியவர்களிடமிருந்து வந்தவை, தொடவே கூடாது என்றார்கள். ஆனால் ஆடும்போது இஷ்டத்துக்கு மீறிக்கொண்டிருந்தார்கள்! பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகள், எல்லாரும் ஒத்துக்கொண்டால் விதியை மாற்றலாம் என்றார்கள். அவர்களே அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். விதி தங்களுடையது என்று நினைத்தவர்களிடம்தான் அதைக் காக்கும் அக்கறையும் இருந்தது.

இன்னொரு விஷயம். எலியட் டூரியலும் ஜூடித் ஸ்மெட்டானாவும் காட்டியபடி, மூன்று நான்கு வயதிலேயே பிள்ளைகள் இரண்டு வகை விதிகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். "டீச்சர் சரின்னு சொன்னா இடத்தை மாத்தி உட்காரலாமா?" என்றால் உட்காரலாம் என்பார்கள். "டீச்சர் சரின்னு சொன்னா இன்னொருத்தரை அடிக்கலாமா?" என்றால் பெரும்பாலும் கூடாது என்பார்கள். அதாவது மேலே இருப்பவர் அனுமதித்தாலும் சில காரியங்கள் தப்பு என்பது அவர்களுக்குத் தெரிகிறது. இந்த அறிவை 'சொன்னதைச் செய்' என்ற ஒரே வரியால் மழுங்கடித்துவிடாதீர்கள். கீழ்ப்படிதல் மட்டுமே தெரிந்த பிள்ளை, நாளைக்குத் தப்பான ஆள் உத்தரவு போட்டாலும் கீழ்ப்படியும்.

வீட்டில் நடைமுறையாக என்ன செய்யலாம் என்றால், பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விதிகளில் பேரம் இல்லை, காரணம் மட்டும் சொல்வோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சி நேரம், வேலைப் பங்கீடு மாதிரி விஷயங்களை உட்கார்ந்து பேசி, பிள்ளை சொல்வதையும் கேட்டு முடிவு செய்யலாம், மாதம் ஒரு தடவை மாற்றலாம்.

8. எங்க வகுப்புல ஒரு குழந்தை எப்பப் பார்த்தாலும் "மிஸ், அவன் அதைச் செஞ்சான்"னு கோள் சொல்லிட்டே இருக்கு. அடக்கணுமா?

சட்டென்று அடக்கிவிடாதீர்கள். ஒரு பொம்மை வேறொருவரின் படத்தைக் கிழிக்கப் போனபோது மூன்று வயதுப் பிள்ளைகள் தடுத்தார்கள், அவர் வந்ததும் நடந்ததைச் சொல்லவும் செய்தார்கள் என்று 2011இல் ஓர் ஆய்வு வந்தது. இதுவும் விதியைக் காக்கும் முயற்சிதான், முறைதான் இன்னும் பழகவில்லை. "யாருக்காவது அடிபடுமா, யாராவது அழறாங்களா? அப்படின்னா உடனே என்கிட்ட வா. இல்லைன்னா முதல்ல நீயே அவன்கிட்ட சொல்லிப் பாரு" என்று ஒரு வழி காட்டினால் போதும்.

9. எங்க பொண்ணுக்குப் பதினொரு வயசு. எந்தத் தப்புக்கும் "ஜெயில்ல போடணும்"கிறா. இவ்வளவு கடுமையா எங்க கத்துக்கிட்டா?

எங்கேயும் கற்றுக்கொள்ளவில்லை, அது அந்த வயதின் சட்ட அறிவு. ஜோசப் அடெல்சனும் ராபர்ட் ஓ'நீலும் 1966இல் வெளியிட்ட ஆய்வில் 11, 13, 15, 18 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கற்பனைக் கதை சொன்னார்கள். தங்கள் நாட்டில் அதிருப்தி அடைந்த ஆயிரம் பேர் பசிபிக் கடலில் ஒரு தீவுக்குக் குடிபோகிறார்கள். அங்கே அவர்களே சட்டமும் அரசும் அமைக்க வேண்டும். எப்படி அமைப்பார்கள்? பதினொரு வயதினர் எதையும் தனி ஆட்களை வைத்தே பார்த்தார்கள். தடுப்பூசிக்கு எதற்குச் சட்டம் என்றால், பிள்ளைகளுக்கு நோய் வராமல் இருக்க என்றார்கள். பதினைந்து வயதினர், ஊர் முழுக்க நோய் பரவாமல் இருக்க என்றார்கள். சமூகம் என்ற ஒன்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிப்பது அந்த நாலைந்து வருடத்தில்தான்.

ஒரு சட்டத்தை யாரும் மதிக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்டாலும் இந்த வித்தியாசம் தெரியும். சின்னவர்கள் தண்டனையைக் கூட்டுவார்கள். வயதில் மூத்த பிள்ளைகள், சட்டமே சரியில்லையோ, மாற்றிப் பார்க்கலாமோ என்பார்கள். உங்கள் மகளிடமும் இதே தீவுக் கதையைச் சொல்லிப் பாருங்கள். "அவன் ஏன் திருடினான்?", "ஜெயிலிலிருந்து வந்த பிறகு?" என்று இரண்டு கேள்வி போடுங்கள். விவாதம் வேண்டாம், கேள்வி போதும்.

10. குடிமையியல்ல நூத்துக்கு நூறு வாங்குறாங்க. நடத்தையில ஒண்ணும் காணோம். பாடம் எதுக்கு அப்புறம்?

பாடத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். 1999இல் ஐ.இ.ஏ. என்ற சர்வதேசக் கல்வி ஆய்வு அமைப்பு 28 நாடுகளில் 14 வயது மாணவர்கள் ஏறத்தாழ 90,000 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. குடிமை அறிவு அதிகமாக இருந்தவர்கள், பெரியவர்களானதும் வாக்களிப்போம் என்று சொன்னதும் அதிகம். அறிவுக்குப் பயன் உண்டு.

ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. மாற்றுக் கருத்தைப் பயமில்லாமல் சொல்லலாம், ஆசிரியரோடும் உடன்படாமல் போகலாம் என்று மாணவர்கள் உணர்ந்த வகுப்புகளில் அறிவும் அதிகம், பங்கெடுக்கும் எண்ணமும் அதிகம். பிற்பாடு 2009 முதல் வந்த அடுத்த சுற்றுகளிலும் இது திரும்பத் திரும்பத் தென்பட்டது. ஜனநாயகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பாடம் எடுத்துவிட்டு, அந்த ஒரு மணி நேரமும் யாரையும் வாய் திறக்க விடாத வகுப்பில் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? வாய் திறக்காமல் இருக்கத்தான்.

11. எங்க பள்ளியில மாணவர் தலைவர் தேர்தல் நடத்துறோம், மன்றம் இருக்கு. போதுமா?

மன்றம் கடைசியாக எதை முடிவு செய்தது என்று கேட்பேன். 1992இல் ரோஜர் ஹார்ட் யூனிசெஃப்புக்காக எழுதிய கட்டுரையில் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். கீழே உள்ள மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பெரியவர்கள் தங்கள் காரியத்துக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்துவது, மேடை அலங்காரமாக நிறுத்துவது, பேருக்கு ஓர் இடம் கொடுப்பது ஆகியவை அவை. விழாவில் பேட்ஜ் குத்திக்கொண்டு விருந்தினரை வரவேற்பது மட்டுமே மன்றத்தின் வேலை என்றால் அது இரண்டாம் படி.

மறுகோடியில் யானுஷ் கோர்ச்சாக் இருக்கிறார். வார்சாவில் 1912இல் தொடங்கிய அனாதை இல்லத்தை நடத்தியவர், மருத்துவர். அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக உட்காரும் ஒரு நீதிமன்றம் இருந்தது. பிள்ளைகள் பெரியவர்கள்மேலும் வழக்குப் போடலாம், கோர்ச்சாக்கே அதன் முன் நின்றிருக்கிறார். அந்த நீதிமன்றத்தின் சட்டப் பிரிவுகளில் பெரும்பாலானவை மன்னிப்பதற்கானவை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். உங்கள் பள்ளி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. விளையாட்டு மைதானத்தை யார் எப்போது பயன்படுத்துவது, நூலகத்துக்கு எந்தப் புத்தகம் வாங்குவது என்று ஏதாவது ஒரு நிஜமான முடிவை, தப்பாகவே எடுத்தாலும் பரவாயில்லை என்று விட்டுக்கொடுங்கள். சின்னதாக இருக்கலாம், பொய்யாக இருக்கக் கூடாது.

12. வருஷத்துக்கு ரெண்டு சேவை முகாம் நடத்துறோமே, அது போதாதா?

நல்லதுதான். ஆனால் 2004இல் ஜோயல் வெஸ்ட்ஹைமரும் ஜோசப் கானும் எழுதியதைச் சொல்கிறேன். பசித்தவர்களுக்கு உணவு சேகரிக்கும் முகாமில் பொருள் கொடுப்பவர் ஒரு வகைக் குடிமகன். அந்த முகாமை ஏற்பாடு செய்பவர் இரண்டாவது வகை. மூன்றாவது வகை, இவர்கள் ஏன் பசித்திருக்கிறார்கள் என்று கேட்டு அதற்கு ஏதாவது செய்பவர். பள்ளிகள் முதல் வகையோடு திருப்திப்பட்டுவிடுகின்றன, ஏனென்றால் அதில் யாருக்கும் சங்கடம் இல்லை. முகாம் முடிந்து பேருந்து ஏறும் முன் அரை மணி நேரம் உட்கார்ந்து, இந்த முகாம் தேவைப்படாமல் போக என்ன நடக்க வேண்டும் என்று பேசிப் பாருங்கள். சங்கடமான பதில்கள் வரும், வரட்டும்.

13. வகுப்புல அரசியல் பேசினா பெற்றோர் சண்டைக்கு வர்றாங்க. பேசாம இருக்கிறது நல்லதில்லையா?

கட்சிப் பிரசாரம் வேறு, சர்ச்சையான விஷயத்தை விவாதிப்பது வேறு. 10ஆம் கேள்வியில் சொன்ன, மாற்றுக் கருத்தைப் பயமில்லாமல் சொல்லக்கூடிய வகுப்பில் நடப்பது இரண்டாவது. எதைப் பேசப் போகிறோம் என்று பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரு பக்கத்து வாதத்தையும் அந்தந்தப் பக்கத்தில் நம்பிக்கை உள்ளவர் கேட்டால் 'ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்' என்று ஒத்துக்கொள்ளும் அளவுக்கு மாணவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். பாதியில் பக்கம் மாறி வாதிடச் சொன்னால் இன்னும் நல்லது.

ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லலாமா? பத்து வயதுக்குக் கீழே வேண்டாம் என்பேன். மூத்த மாணவர்கள் நேரடியாகக் கேட்டால் சொல்லலாம், ஆனால் விவாதம் முடிந்த பிறகு. முதலிலேயே சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் அதையே திருப்பிச் சொல்வார்கள். ஒன்று மட்டும்: ஒரு மாணவரின் மனித மதிப்பையே கேள்விக்குள்ளாக்கும் விஷயத்தில் 'இரு பக்க வாதம்' தேவையில்லை.

14. நாட்டுப்பற்று கத்துக்கொடுத்தா அடுத்த நாட்டுக்காரங்களை வெறுக்க ஆரம்பிச்சிடுவாங்களோன்னு பயமா இருக்கு.

ஒன்று வந்தால் இன்னொன்று கட்டாயம் வரும் என்றில்லை. தன் கூட்டத்தைப் பிடிப்பது ஒரு உணர்வு, மற்றவர்களைப் பிடிக்காமல் போவது தனி உணர்வு. மார்ட்டின் பாரெட் முதலானோர் பல நாட்டுப் பிள்ளைகளிடம் ஆராய்ந்தபோது, சொந்த நாட்டின்மேல் உள்ள பிடிப்பும் பிற நாட்டவர்மேல் உள்ள எண்ணமும் நாட்டுக்கு நாடு வேறு வேறு விதமாக இருந்தன. சுற்றி உள்ள பேச்சு அதில் பெரும் பங்கு வகிக்கிறது. அதனால் நாட்டைப் பற்றிப் பேசாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். 'நாம் நல்லவர்கள்' என்ற வாக்கியத்தின் நிழலில் 'அவர்கள் கெட்டவர்கள்' ஒளிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 29ஆம் பிரிவு, தான் வாழும் நாட்டின் விழுமியங்களுக்கும் மற்ற நாகரிகங்களுக்கும் சேர்த்தே மரியாதை கற்றுக்கொடுக்கச் சொல்கிறது.

15. நாங்க குடிபெயர்ந்து வந்தவங்க. "அப்போ நான் எந்த நாட்டுக்காரி?"ன்னு பொண்ணு அழறா. என்ன சொல்ல?

முதலில் சட்டத்தைச் சொல்லுங்கள், அது பயத்தைக் குறைக்கும். நாடுகள் பொதுவாக இரண்டு வழியில் பிறப்பிலேயே குடியுரிமை கொடுக்கின்றன. பெற்றோரைப் பார்த்துக் கொடுப்பது ஒன்று, பிறந்த மண்ணைப் பார்த்துக் கொடுப்பது இன்னொன்று. பல நாடுகள் இரண்டையும் கலந்து வைத்திருக்கின்றன. சில நாடுகள் இரட்டைக் குடியுரிமையை ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. அதனால் தாளில் உள்ளதும் மனதில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மனதில் இரண்டு இருக்கலாம்.

அப்புறம், எந்த நாட்டின் தாளும் இல்லாத பிள்ளைகளும் உலகில் இருக்கிறார்கள். 14ஆம் கேள்வியில் சொன்ன ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயரும் ஒரு நாட்டின் குடியுரிமை பெறும் உரிமையும் உண்டு என்கிறது. தன்னில் உள்ள உரிமைகளை நாட்டினத்தைப் பார்த்துப் பாகுபடுத்தக் கூடாது என்றும் அந்த உடன்படிக்கை சொல்கிறது. உங்கள் மகளுக்கு இதைச் சுருக்கி இப்படிச் சொல்லலாம்: "நீ எந்த நாட்டுக்காரி என்று பிறகு முடிவு செய்யலாம். நீ இந்தத் தெருவில், இந்த வகுப்பில் இருக்கிறாய். இங்கே உன் குரலுக்கு இப்போதே இடம் உண்டு."

16. அவசரத்துல சிவப்பு விளக்கைத் தாண்டிட்டேன். பின்னாடி உட்கார்ந்திருந்தவன் "ஏம்பா?"ன்னுட்டான். என்ன பதில் சொல்லியிருக்கணும்?

"தப்புதான் செஞ்சேன், காரணம் இருந்தாலும் தப்புதான்." அவ்வளவுதான். 'எல்லாரும் தாண்டுறாங்க', 'போலீஸ் இல்ல' என்ற இரண்டு பதில்களும் வேண்டாம். முதலாவது, விதி எல்லாருக்கும் பொது இல்லை என்று கற்றுக்கொடுக்கும். இரண்டாவது, மாட்டிக்கொள்ளாமல் இருப்பதே பொறுப்பு என்று கற்றுக்கொடுக்கும். அவன் கேட்டானே, அதுவே நல்ல சேதி. 2ஆம் கேள்வியில் பொம்மையைத் தடுத்த பிள்ளைகள் செய்ததையே உங்களிடமும் செய்திருக்கிறான்.

17. ஆட்சியில நடக்கிற அநியாயத்தையெல்லாம் பிள்ளைங்ககிட்ட சொன்னா நம்பிக்கையே போயிடாதா?

சொல்லாவிட்டாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். 4ஆம் கேள்வியில் வந்த 'நல்ல பெரியவர்' எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைப்பதில்லை. 1968இல் டீன் ஜாரோஸும் அவரோடு இருந்தவர்களும் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப் பகுதி ஏழைப் பிள்ளைகளிடம் அதிபரைப் பற்றிக் கேட்டபோது, முந்தைய ஆய்வுகளில் கண்ட அந்தப் பூரிப்பு இங்கே இல்லை. பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைப் பார்த்துத்தான் அரசை மதிப்பிடுகிறார்கள்.

அதனால் மறைக்க வேண்டாம், அளவு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழு வயதுக்கு ஒரு தப்பு, அதைச் சரிசெய்ய முயன்ற ஒரு ஆள் போதும். பதினான்கு வயதுக்கு நீதிமன்றம், பத்திரிகை, மனு, போராட்டம், தேர்தல் என்று சரிசெய்யும் வழிகளையும் அவை தோற்ற இடங்களையும் சொல்லலாம். அநியாயத்தை மட்டும் சொல்லி வழியைச் சொல்லாமல் விடுவதுதான் கெடுதல். 'எல்லாரும் திருடன்' என்று சாப்பாட்டு மேசையில் தினமும் அலுத்துக்கொள்வது அரசியல் கல்வி ஆகாது.

18. பதினாறு வயசுல ஓட்டு கொடுக்கலாமா? அவங்களுக்கு என்ன தெரியும்?

கொடுத்துப் பார்த்த நாடுகள் இருக்கின்றன. பிரேசில் 1988 அரசியலமைப்பிலேயே 16 வயதினருக்கு விருப்பத்தின் பேரில் வாக்களிக்க வழி செய்தது. ஆஸ்திரியா 2007இல் வயதை 16ஆகக் குறைத்தது. அர்ஜென்டினா 2012இல், ஸ்காட்லாந்து 2014 பொதுவாக்கெடுப்பில். ஆஸ்திரியாவில் பிறகு நடந்த ஆய்வு, 16, 17 வயதினர் தங்கள் கருத்துக்கு ஏற்ற கட்சியைத் தேர்ந்தெடுப்பதில் மூத்தவர்களைவிட மோசமில்லை என்றது. பதற்றமில்லாமல் யோசித்து முடிவெடுக்கும் திறன் 16 வயதுக்குள் பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடுகிறது, நண்பர்கள் சூழ்ந்திருக்கும் சூட்டில் முடிவெடுப்பதுதான் தாமதமாகப் பக்குவப்படுகிறது என்று உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் சொல்கிறார். வாக்குச்சாவடி முதல் வகை. என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும். ஆனால் பள்ளியில் எதையுமே முடிவு செய்ய விடாமல் வைத்திருந்து, பதினாறில் திடீரென்று வாக்குச்சீட்டைக் கையில் கொடுப்பது அரைகுறை வேலை.

19. மாணவர் மன்றம் கேட்டதை எங்களால செய்ய முடியலைன்னா? ஏமாந்து போய், இனிமே வாயே திறக்க மாட்டாங்களே.

முடியாது என்று சொல்வதில் ஆபத்து குறைவு, பதிலே சொல்லாமல் இழுத்தடிப்பதில்தான் அதிகம். ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவும் பிள்ளைகள் கேட்டதெல்லாம் நடக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவர்களைப் பாதிக்கும் விஷயங்களில் அவர்கள் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு தர வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். முடியாததற்குக் காரணம் பணமா, பாதுகாப்பா, மேலிடத்து விதியா என்று ஒளிக்காமல் எழுதுங்கள். பகுதியாவது செய்ய முடியுமென்றால் எந்தப் பகுதி என்று சொல்லுங்கள். முடிவு உங்கள் கையில் இல்லை என்றால், அது யார் கையில் இருக்கிறது, அவரிடம் எப்படி மேல்முறையீடு செய்வது என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள்.